ஒண்ணும் ரெண்டும் மைக்கு அக்காவும்

குடிநீர் அலுவலகத்தின் மூன்றாம் நம்பர் கவுன்டரில் இருபத்துமூன்று வருஷமாக உட்கார்ந்திருந்த அந்த அம்மாளுக்குப் பெற்றோர் வைத்த பேர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. எல்லோருக்கும் அவள் மைக்கு அக்கா. தொண்டை அப்படி. "ஏம்ப்பா ஃபிட்டர்! ஏழாம் குறுக்குத் தெருவுல வால்வு ஒழுகுதுன்னு சொல்லி ஒரு மணி நேரம் ஆச்சு. நீ போறியா, நான் போகட்டுமா?" என்று அவள் நாற்காலியில் இருந்தபடியே குரல் விட்டால், கட்டடத்தின் பின்பக்க அறையில் சீட்டாடிக்கொண்டிருக்கும் ஃபிட்டர்கள் கையில் இருந்த சீட்டைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். இதுதான் அந்த அலுவலகத்தின் தகவல் தொடர்பு வசதி. இருபத்துமூன்று வருஷத்தில் ஒரு நாள்கூடப் பழுதானதில்லை.

கவுன்டர் கண்ணாடியில் அரைவட்டமாக ஒரு ஓட்டை. அதற்குள் தலையை விட்டு ஜனங்கள் கத்துவார்கள். அக்கா அதைவிடச் சத்தமாகத் திருப்பிக் கத்துவாள். "தண்ணி வரலைன்னா என்னை எதுக்குய்யா முறைக்கிற, நானா குடிச்சேன்?" என்பாள். அப்படியே நோட்டில் முகவரியையும் எழுதிக்கொள்வாள். திட்டு வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில் சாயங்காலம் தண்ணீர் வந்துவிடும். அதனால் அந்தத் திட்டை யாரும் மனசில் வைத்துக்கொண்டதில்லை. சிலர் வேலையெல்லாம் முடிந்த பிறகும் ஓட்டையில் தலையை விட்டு, மகளுக்கு மாப்பிள்ளை அமைந்த கதை வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடத்துக்குத்தான் புது இன்ஜினியர் வந்து சேர்ந்தார். வந்த முதல் நாளே சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டினார். இரண்டாம் நாள் அதன் பக்கத்தில் இன்னொன்று. வாரக் கடைசியில் ஜன்னலைத் தவிர மற்ற இடமெல்லாம் சார்ட்டு. ஃபிட்டர்கள் அவருக்கு "சார்ட்டு சார்" என்று பேர் வைத்ததில் ஒரு தப்பும் இல்லை.

"இனிமே யாரும் ஆபீசுக்கு வர வேண்டாம். புகாரை மெசேஜ்ல அனுப்பட்டும். பதிலும் மெசேஜ்லயே போகும்," என்றார் சார்ட்டு சார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அக்காவுக்கு முதலில் அது பிடித்துத்தான் இருந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்கும் ஜனங்களைப் பார்த்து அவளே பரிதாபப்பட்டிருக்கிறாள். காது கேட்காத செருப்புக் கடைக்காரர் ஒருவர் வருஷக்கணக்காகக் கையை ஆட்டி ஆட்டிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முதல் தடவையாக, "அம்மா, குழாயில் காற்று மட்டும் வருகிறது" என்று முழு வாக்கியம் அனுப்பியபோது அக்கா அதை இரண்டு தரம் படித்தாள். நல்ல ஏற்பாடுதான் என்று வாய்விட்டே சொன்னாள்.

ஏற்பாட்டில் கோளாறு இல்லை. கோளாறெல்லாம் ஒரு விரலில் இருந்தது.

அந்த விரலுக்குச் சொந்தக்காரர் தலைமை ஃபிட்டர். புகார் வந்ததும் அது அவருடைய போனுக்குப் போகும். வேலை முடிந்தால் அவர் 1 அழுத்த வேண்டும். அழுத்தியதும் புகார் கொடுத்தவருக்கு, "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று தானாகவே செய்தி போய்விடும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு சார்ட்டு சார் கணக்கெடுப்பார். தீராத புகார் இருந்தால் சிவப்புக் கட்டம், தீர்ந்திருந்தால் பச்சைக் கட்டம். சிவப்பு விழுந்த ஃபிட்டருக்கு அவர் அரை மணி நேரம் பாடம் எடுப்பார். எந்த மனுஷன் தாங்குவான்? தலைமை ஃபிட்டர் பதினோரு மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கையில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு என்று வரிசையாக அழுத்திவிடுவார். டீ ஆறுவதற்குள் முப்பது வீட்டுக்குத் தண்ணீர் வந்துவிடும், போனில். "ஒண்ணு" என்பதே அவருக்குப் பட்டப்பேராகவும் ஆகிவிட்டது.

மூன்றே மாதத்தில் சார்ட்டெல்லாம் பச்சை. சார்ட்டு சார் அதை உண்மை என்றே நம்பினார். படித்த மனுஷன், தான் வரைந்த கோட்டைத் தானே நம்பாமல் இருப்பாரா?

கவுன்டருக்கு ஆள் வருவது நின்றுபோனது. வந்த ஒன்றிரண்டு பேரையும் வாசல் காவலாளி, "மெசேஜ் போடுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். ஒரு நாள் சார்ட்டு சார் அக்காவைக் கூப்பிட்டார். "புகாரே இல்லாத ஆபீஸ்ல புகார் கவுன்டர் எதுக்கும்மா? மாசக் கடைசியில மூடிடலாம்னு இருக்கேன். உங்களை மீட்டர் கிடங்குக்கு மாத்திடறேன். அமைதியான இடம்," என்றார்.

மீட்டர் கிடங்கு என்பது இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு தகரக் கொட்டகை. செத்துப்போன தண்ணீர் மீட்டர்களை அங்கே மலை மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். எலிகளைத் தவிர பேச்சுத் துணைக்கு யாரும் இல்லை. மைக்கு அக்காவை அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது அவள் வாயைத் தைத்துவிடுவதற்குச் சமம். அவள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகையும் பின்பக்க அறை வரைக்கும் கேட்டது.

மறுநாள் அவள் லீவு போட்டிருந்தாள். காலை பதினோரு மணிக்கு வேறொன்று நடந்தது. அவள் வீட்டுக் குழாயில் ஒன்பது நாளாகத் தண்ணீர் இல்லை. ஆபீஸ் ஆள் என்பதற்காக வரிசையைத் தாண்டக் கூடாது என்று, அவளும் மற்றவர்களைப் போல மெசேஜில்தான் புகார் அனுப்பியிருந்தாள். பக்கத்துத் தெரு அடிபம்பில் இருந்து இரண்டு வாளி சுமந்து வந்து, மூச்சு வாங்க வாசலில் வைத்தபோது இடுப்பில் இருந்த போன் சிணுங்கியது.

"மதிப்பிற்குரிய நுகர்வோரே, தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. தங்கள் திருப்தியே எங்கள் இலட்சியம்."

அக்கா போனைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். குழாயைத் திறந்தும் பார்த்தாள், எதற்கும் இருக்கட்டுமே என்று. அது புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது.

"என்னங்க, நம்ம வீட்டுல தண்ணி வந்துடுச்சாம்," என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். பாதி நாள் வாயில் குண்டூசி இருக்கும். "ம்?" என்றார்.

"ஆமாம், அப்படித்தான் ஆபீஸ்ல சொல்றாங்க. எந்த ஆபீஸ்? நான் இருபத்துமூணு வருஷம் குப்பை கொட்டின ஆபீஸ்! என் கிட்டயே புளுகுது பாருங்க!"

தையல்காரர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "சரி, இப்ப என்ன செய்யப் போற?" என்றார். அவள் குழாயை இறுக்கி மூடினாள். தன்னைத் தூக்கிக் கிடங்கில் போடுகிறார்களே என்ற அழுகை மட்டும் அந்த நிமிஷத்தில் நின்றுபோய், அந்த இடத்தில் நல்ல சுத்தமான கோபம் வந்து உட்கார்ந்தது.

அந்தக் கேள்விக்குப் பதிலை சார்ட்டு சாரே கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த புதன்கிழமை தலைமை அலுவலகத்தில் இருந்து பெரிய அதிகாரி வருகிறார், ஹாலில் ஒரு மின்பலகை மாட்டியிருக்கிறோம், ஜனங்கள் அனுப்பும் பாராட்டெல்லாம் அவர் கண் முன்னால் அதில் ஓட வேண்டும் என்றார். ஜனங்களிடம் பாராட்டு கேட்டு அவரே ஒரு செய்தியும் எழுதி வைத்திருந்தார். அது நீளமோ நீளம். தமிழில் நீளமாக எழுதினால் போனுக்குப் போகும்போது செய்தி துண்டு துண்டாக உடையும். சோதனைக்கு அனுப்பியதில் மூன்று துண்டாகி, தலை கடைசியிலும் வால் முதலிலுமாக வந்து சேர்ந்தது.

"அக்கா, நீங்க ஜனங்களோட பேசிப் பழகினவங்க. இதையே சுருக்கி, ஒரே துண்டுல அடங்குற மாதிரி எழுதிக் குடுங்க. புகார் தீர்ந்த எல்லாருக்கும் அனுப்பணும்," என்றார்.

அக்கா எழுதிக் கொடுத்தாள்: "தண்ணி வருதா? வந்தா 1, வரலைன்னா 2 அனுப்புங்க. கவுன்டர் 3."

சார்ட்டு சார் அதை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரே துண்டில் அடங்கியது. "பிரமாதம்! பேச்சு வழக்குல, நெருக்கமா இருக்கு," என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 2 என்று ஒரு எண் அதில் இருப்பதை அவர் பார்க்காமல் இல்லை. அதை அழுத்தவும் ஆள் இருப்பார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை பதினொன்றேகால். பெரிய அதிகாரி ஹாலில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பூங்கொத்து கொடுத்தாயிற்று, சார்ட்டெல்லாம் காட்டியாயிற்று. அக்கா கணினியில் "எல்லோருக்கும் அனுப்பு" என்ற பொத்தானைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேலையே போனாலும் போகட்டும் என்று நினைத்தாள். பிறகு, ஐயோ போகக் கூடாதே என்றும் நினைத்தாள்.

மின்பலகையில் முதல் பதில் வந்தது. 2. அடுத்தது, 2. அப்புறம் ஒரு 1 வந்தது, சார்ட்டு சார் கைதட்டினார். தட்டிய கையைக் கீழே இறக்குவதற்குள் பலகையில் ரெண்டு ரெண்டாகக் கொட்ட ஆரம்பித்தது. வெறும் எண்ணோடு நிறுத்திக்கொள்ள ஜனங்களுக்கு என்ன வேண்டுதலா?

"2. தீர்ந்துச்சுன்னு மூணு தடவை சொல்லிட்டீங்க. தீர்ந்தது என் பொறுமை."

"2. குழாயைக் கழட்டித் தர்றேன், உங்க ஆபீஸ்லயே வெச்சுக்கங்க."

"2. இந்த மெசேஜை எழுதின ஆளு மட்டும்தான் அங்க மனுஷன் போல."

"2. வீட்டுல ஏழு பேர். குளிச்சு அஞ்சு நாள் ஆச்சு. எல்லாரும் கிளம்பி அங்க வந்து பக்கத்துல உட்காரட்டுமா?"

கடைசியாக வந்ததைப் படித்துவிட்டுப் பெரிய அதிகாரி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். பன்னிரண்டு மணிக்கு ரெண்டுகளின் எண்ணிக்கை ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றது. ஒண்ணு தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை யாரு எழுதினது?" என்றார் பெரிய அதிகாரி.

"நான்தாங்க," என்றாள் அக்கா. அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள். "சார்தான் கையெழுத்துப் போட்டாரு. ஆனா கேள்வி என்னுது. எங்க வீட்டுலயும் தண்ணி வரலைங்க."

பெரிய அதிகாரி அப்படியொன்றும் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்ட மனுஷன். எழுந்து நின்றபடியே தீர்ப்பு சொன்னார். இனிமேல் ஃபிட்டர் 1 அழுத்தினால் எந்தப் புகாரும் தீராது. வீட்டுக்காரர் 1 அழுத்த வேண்டும். பழுது பார்த்து முடித்ததும் அந்த வீட்டுக்கு இதே கேள்வி போக வேண்டும். ஆனால் கவுன்டர் விஷயத்தில் இன்ஜினியர் சொல்வதும் நியாயம்தான். அடுத்த மாதக் கடைசி நாள் காலை பத்து மணிக்குப் பலகையில் தீராத ரெண்டுகளின் கணக்கு பூஜ்யமாக இருந்தால் கவுன்டரை மூடிவிடலாம், ஒரே ஒரு ரெண்டு மிச்சம் இருந்தாலும் மூடக் கூடாது, மறுமாதக் கடைசியில் மறுபடி பார்க்க வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் கூத்து. பூஜ்யம் வர வைத்தே தீருவது என்று சார்ட்டு சார் ராப்பகல் பாராமல் நின்றார். அந்தப் பூஜ்யம் வந்தால் அக்காவின் நாற்காலி போய்விடும். ஆனால் அந்தப் பூஜ்யத்துக்காக அவரைவிட அதிகமாக உழைத்தவள் அக்காதான். காலையில் வந்ததும் ரெண்டுகளைத் தெருவாரியாகப் பிரித்து ஒண்ணுவின் கையில் கொடுப்பாள். "இன்னைக்கு நாற்பது வீடு. டீக்கடை பக்கம் உன்னைப் பார்த்தேன்னா கிளாஸோட தூக்கிட்டு வந்துடுவேன்" என்பாள். வார்த்தைகளோடு வரும் பதிலை எல்லாம் உட்கார்ந்து படித்துப் பதில் போடுவாள். பைப்புக்காக எங்கே தோண்ட வேண்டும் என்று பாதிப் பேர் அதிலேயே எழுதியிருந்தார்கள். மரத்தடிக்குக் கீழே வால்வு இருக்கிறது, போன வருஷம் கேபிள்காரன் தோண்டியபோது உடைத்தான் என்று ஒருவர் எழுதினார். ஒரே வால்வில் அறுபது ரெண்டுகள் ஒண்ணுகளாக மாறின.

ஒண்ணு முதல் வாரம் முழுக்க அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரிய அதிகாரி முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று கோபம். இரண்டாம் வாரம் அவள் அவரைக் கூப்பிட்டு, ஒரு பதிலைப் படித்துக் காட்டினாள். "1. சேறு முழங்கால் வரைக்கும் இருந்துச்சு, அந்த ஃபிட்டர் அண்ணன் இறங்கி நின்னு வேலை பார்த்தாரு. அவருக்கு ஒரு நன்றி சொல்லிடுங்க."

"எனக்கா?" என்றார் ஒண்ணு.

"உனக்குத்தான்யா. பின்ன என்ன எனக்கா?"

"இன்னொரு தடவை படிங்க அக்கா."

அவள் படித்தாள், தன் வழக்கமான குரலில். தெருவில் போனவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் வேலை முடிந்து வந்து, "இன்னைக்கு ஏதாவது எழுதியிருக்காங்களா?" என்று ஓட்டைக்குள் தலையை விட்டுக் கேட்பது ஒண்ணுவுக்கு வழக்கமாகிவிட்டது. ஐம்பது வயசு ஆள், பரீட்சை எழுதிவிட்டு மார்க் கேட்க வந்தவர் மாதிரி நிற்பார்.

மாதக் கடைசிக்கு முதல் நாள் பலகையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ரெண்டு. அது அக்கா வீடு. என் வீடு கடைசியில்தான் என்று அவளே சொல்லியிருந்தாள். சாயங்காலம் ஒண்ணு தன் ஆட்களோடு வந்து, துருப்பிடித்த பைப்பை வெட்டிப் போட்டுப் புதுசை மாட்டினார். போகும்போது தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் பழுப்பாக, அப்புறம் சுத்தமாக, வாளி அதிர அதிர. ஒரு மாதத்துக்கு மேலாக வறண்டு கிடந்த குளியலறையில் அந்தச் சத்தத்தைக் கேட்டு அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, நாற்காலியின் நினைப்பும் வந்தது. போன் சிணுங்கியது. அவள் எழுதிய கேள்வியே அவளைக் கேட்டது, தண்ணி வருதா என்று.

தையல்காரர் வாயில் இருந்த ஊசிகளை எடுத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். "ரெண்டுன்னு போட்டுடு. பத்து மணி தாண்டினதும் ஒண்ணு போட்டுக்கலாம். மூணு மணி நேரம்தானே? உலகம் என்ன கவுந்துடவா போகுது?"

"அது எனக்குத் தெரியாதாங்க?" என்றாள். "கிடங்குக்குப் போனா நான் செத்துடுவேங்க. பேச ஆள் இல்லாம பைத்தியம் பிடிச்சிடும்."

"அதனாலதான் சொல்றேன்."

"ஆயிரத்து முந்நூறு பேர்கிட்ட நெசத்தைச் சொல்லுங்கன்னு கேட்டேன். சொன்னாங்க. இப்ப என் முறை வந்ததும் தண்ணி ஓட ஓட வரலைன்னு போடவா? அப்புறம் டீக்கடை பெஞ்சுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 1 அழுத்தினாள். அழுத்திவிட்டு, போனையும் குழாயையும் சார்ட்டு சாரையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, ஒரு மாதத்துக்கான அழுக்குத் தீர ஆசை தீரக் குளித்தாள்.

ஒன்பதரைக்கு அலுவலகம் போய் நாற்காலியில் இருந்த மெத்தையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். மீந்துபோன சோபாத் துணியில் தையல்காரர் தைத்துக் கொடுத்தது அது. சார்ட்டு சார் மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு பலகைக்குக் கீழே நின்றார். பலகையில் பெரிதாக ஒரு பூஜ்யம். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

ஒன்பது ஐம்பத்தொன்பதுக்குப் பூஜ்யம் மறைந்து 1 என்று ஆனது.

"யாருது அது? யாரு ரெண்டு போட்டது?" என்று சார்ட்டு சார் பதறினார். கணினியைத் தட்டிப் பார்த்ததில் முகவரி வந்தது. ஊழியர் குடியிருப்பு, கடைசி வீடு. தலைமை ஃபிட்டரின் வீடு.

வாசலில் ஒண்ணு நின்றுகொண்டிருந்தார், கையில் போனோடு.

"என்னய்யா இது விளையாட்டு?" என்றார் சார்ட்டு சார்.

"விளையாட்டு இல்லைங்க சார். எங்க வீட்டுல ரெண்டு மாசமா தண்ணி இல்ல. கனெக்ஷன் என் நம்பர்ல இருக்கு, அதனால வீட்டுக்காரி என் போன்ல இருந்து மூணு தடவை புகார் போட்டா. நானே ஒண்ணு அழுத்தி மூடிட்டேன். அன்னைக்கு அக்கா அனுப்பின கேள்வி எனக்கும் வந்துச்சு. பதில் போட வெட்கமா இருந்துச்சு, விட்டுட்டேன்." அவர் அக்காவைப் பார்த்தார். "வேணும்னா வந்து குழாயைத் திறந்து பாருங்க. நெசமாவே வரல."

கடிகாரத்தில் மணி பத்து அடித்தது. சார்ட்டு சார் உத்தரவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தன் சார்ட்டுகளிடம் போய்விட்டார்.

அக்கா மெத்தையை எடுத்து மறுபடி நாற்காலியில் போட்டாள். அழுகை வந்தது. ஆனால் அழாமல் கத்தினாள். அதுதான் அவளுக்குச் சுலபம்.

"ரெண்டு மாசமா ஒரு பொம்பளையைத் தண்ணி சுமக்க விட்டுட்டு, ஊருக்கெல்லாம் பைப்பு மாத்தினியா நீ? உனக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? எடு பையை. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள அந்த வீட்டுல தண்ணி வரணும்!"

"மெதுவாப் பார்த்துக்கலாம் அக்கா," என்றார் ஒண்ணு. "இது ஒண்ணாவது மிச்சம் இருக்கட்டும். அடுத்த மாசக் கடைசியில உங்க சீட்டு..."

"அட போய்யா! நம்ம ஆபீஸ்ல பழுதுக்குப் பஞ்சம் வரும்னு உனக்கு எவன் சொன்னான்? கிளம்பு!"

அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அக்கா போனை எடுத்து, அவர் மனைவியின் போனுக்கு ஒரே துண்டில் அடங்குகிற மாதிரி ஒரு செய்தி அனுப்பினாள்: "உங்க வீட்டுக்காரர் வர்றார். தண்ணி வர்ற வரை சோறு போடாதீங்க. கவுன்டர் 3."